பொன்னும் வெள்ளியும் பற்றும் விதம்
சரிகை வாங்கும் அங்கத்தினர்கள் கவனிக்க

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் நாள்தோறும் கையாளும் சரிகை, வெவ்வேறு உலோகங்களை மெல்லியனவாகப் பிணைக்கும் தொழிலின் பயனாகும். பழைய முறையில் வெள்ளிக் கோலை அரத்தால் ராவிச் சுத்தஞ் செய்து, அதன்மேல் பொன் தகட்டைச் சுற்றிக் கரிநெருப்பிற் காய்ச்சி அழுத்துவர். பற்றாசு யாதும் இடுவதில்லை. பின்னர் அக்கோலை எஃகுத் தகட்டின் துளைகளில் பெரியதினின்று சிறியதாக, மயிரிழை போலாகும் வரை இழுப்பர். பொன்னும் உடன் மெலிந்து நீளுமேயன்றி உரிந்து விழாது.

இதற்குக் காரணம் யாது? காய்ச்சுங்கால் இவ்விரண்டின்மேலும் பொருக்கு ஏறுவதில்லை. இடையே அழுக்கில்லையாயின், உருகாமலே ஒன்றன் அணுக்கள் மற்றொன்றினுட் புகுந்து கலக்கும். கைப்பட்ட எண்ணெய்ப்பசை சிறிதிருப்பினும் அவ்விடத்திற் பொன் குமிழ்த்தெழும்.

செம்பின் இயல்பு வேறு. காய்ச்சியவுடன் கரும் பொருக்கு ஏறும்; அதனைக் கரைக்கவே கன்னார் வெண்காரம் இடுகின்றனர். மற்றொரு விந்தையும் உண்டு. வெள்ளி 962 சென்டிகிரேட் பாகையிலும், செம்பு 1085 பாகையிலும் உருகும். இரண்டும் நெருங்கித் தொட்டிருப்பின் தொடுமிடம் சுமார் 780 பாகையிலேயே உருகிவிடும். 1740-களில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் செம்பின்மேல் வெள்ளித் தகட்டை ஒட்டத் தொடங்கியது இவ்வியல்பைக் கொண்டே. உஷ்ணம் சற்று மிகினும் தகடு பாழாம்.

இக்காலத்தில் பொன்முலாம் மின்சாரத்தால் ஏற்றப்படுகின்றது. காஞ்சிபுரத்தில் அரசினர் சரிகை ஆலை 1971-ல் நிறுவப்பட்டது. மின்முலாமின் கனம், செலுத்தும் மின்சாரத்தையும் நேரத்தையும் பொறுத்தது, கண்ணுக்குப் புலப்படாது. நஷ்டம் இங்கேதான் நுழைகின்றது. காஞ்சிப் பட்டின் புவிசார் குறியீட்டிற்குக் கூறப்பட்ட அளவு, சரிகையில் வெள்ளி நூற்றுக்கு 57, பொன் 0.6, அதாவது கிலோவுக்கு 570 கிராம் வெள்ளியும் 6 கிராம் பொன்னும். செம்புக் கம்பியில் வெள்ளித்தோல் ஏற்றிய சரிகையும் வாங்கும் நாளில் அவ்வாறே மின்னும். சில ஆண்டுகளில் வியர்வை பட்டுத் தோல் தேய, செம்பு கறுக்கும். பழிச்சொல் நெய்தவர்க்கே.

ஆதலின் வாங்குமுன் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் அவசியம். பொன்னிறம் நீங்கி வெண்மை தோன்றின் வெள்ளி. செம்மை தோன்றின் செம்பு. மெல்ல உரைத்தால் மேல்தோல் மாத்திரமே தெரியும். அழுந்தத் தேய்க்க வேண்டும். உள்ளிருக்கும் பட்டு நூலும் சிவப்புச் சாயமிட்டதாதலால் மயக்கம் உண்டாகும். நூலினின்று உலோகத்தைப் பிரித்தெடுத்து அதனை மட்டும் உரைக்க. ஐயம் தீராவிடில், மாதிரியைச் சங்கத்தின் வாயிலாக எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்தபின் பணம் செலுத்துக.