இறங்குற ரோட்டைப் பார்த்துட்டு அப்புறம் ஏறு!

ஜூன் பொறந்தா போதும், அமெரிக்காவுல இருக்கிற நம்ம வீட்டுப் பசங்க ஆளாளுக்கு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்துக்கிட்டு யெல்லோஸ்டோனுக்குக் கிளம்பிடுறீங்க. குக்கர், இட்லித் தட்டு, புளிக்காய்ச்சல் எல்லாம் ஞாபகமா ஏத்துறீங்க. "எந்த மலை வழியா போறே?"னு கேட்டா மட்டும் "போன் காட்டுற வழிதான் அக்கா"ன்னு பதில் வருது. அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். ராபிட் சிட்டியிலேர்ந்து கோடி நகரத்துக்குப் போற வழியில, வயோமிங் மாநிலத்துல பிக்ஹார்ன் மலை குறுக்க நிக்குது. போன் 14ஏ ரோட்டைக் காட்டுச்சு, போனோம். ஏறுற வரைக்கும் ஒண்ணும் தெரியலை. லவல் பக்கம் இறங்கும்போதுதான் 10 சதவீத இறக்கம். பிரேக்கை மிதிச்ச காலை எடுக்காமலே வந்ததுல கருகின வாடை வந்துது, அப்புறம் சக்கரத்துலேர்ந்து புகை. பின்னாடி ரெண்டு குழந்தைங்க. ஓரமா நிறுத்தி, பிரேக் ஆறுற வரைக்கும் ஒரு மணி நேரம் குழந்தைங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம். சொல்றதைக் கேட்டுக்கோ.

1. உயரத்தைப் பார்க்காதே, சரிவைப் பாரு

பிக்ஹார்னைக் கடக்க மூணு ரோடு இருக்கு: 14, 14ஏ, 16. இதுல 16ஆம் நம்பர் ரோட்டுலதான் கணவாய் ரொம்ப உயரம், 9,666 அடி. 14ல இருக்கிற கிரானைட் கணவாய் 9,033 அடிதான். உடனே "அப்போ 14ல போயிடுறேன்"னு சொல்லாதே. பெரிய வண்டிக்கு மூணுலயும் லேசானது அந்த உயரமான 16தான். பஃபலோ ஊர்ல ஏறி, டென் ஸ்லீப் பக்கம் இறங்கும். கணவாய் எவ்வளவு உயரம்கிறது போட்டோவுக்கு. உனக்கு வேண்டியது எவ்வளவு செங்குத்து, எத்தனை மைல் தூரத்துக்கு, வளைவு எப்படிங்கிற மூணு விஷயம்.

6 சதவீதம்னா 100 அடி போறதுக்குள்ள 6 அடி இறங்குதுன்னு அர்த்தம். என் கணக்கு இதுதான்: 6 வரைக்கும், ரொம்ப நீளமா இல்லேன்னா, தைரியமா போ. 7, 8னா எத்தனை மைல்னு பாரு. 10னு இருந்தா வேற வழி தேடு. அரை மைல் தூரத்துக்கு 8 சதவீதம் இருந்தா சமாளிச்சுடலாம். பத்து மைல் நீளத்துக்கு 6 சதவீதம் இருந்தா அதுதான் பிரேக்கைச் சுட வைக்கும்.

இதெல்லாம் எங்க பார்க்கிறதுன்னு முழிக்காதே. 'மவுன்டன் டைரக்டரி'ன்னு ஒரு புத்தகம் இருக்கு. லாரி ஓட்டுறவங்களுக்கும் மோட்டார் ஹோம் ஓட்டுறவங்களுக்கும்னே போட்டது, மேற்கு மாநிலங்களுக்குத் தனிப் புத்தகம். எந்த ரோட்டுல எந்த இடத்துல எவ்வளவு இறக்கம்னு எழுதியிருக்கும். முதல் நாள் ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்கு, போதும்.

2. வண்டி அளவை எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டு

நீளம், அகலம், உயரம் மூணையும் எழுது. அகலம்னா பக்கக் கண்ணாடியையும் சேர்த்து. உயரம்னா மேல இருக்கிற ஏசி வரைக்கும். குடும்பங்க எடுக்கிற வாடகை வண்டி பெரும்பாலும் 25லேர்ந்து 30 அடி நீளம், 12 அடி உயரம் கிட்ட வரும். கார்ல போன நினைப்புல "போன தடவை போன ரோடுதானே"ன்னு கிளம்பிடாதே. இந்த மூணு இடத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோ:

• கிளேசியர் தேசியப் பூங்காவோட 'கோயிங் டு த சன்' ரோடு: அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டைத் தாண்டி மலை மேல போக 21 அடி நீளம், 8 அடி அகலத்துக்கு மேல இருந்தா அனுமதி கிடையாது. வண்டியை நீ தங்குற இடத்துலயே விட்டுட்டு, பூங்காவோட பழைய சிவப்பு பஸ்ல ஏறிப் போ. ஓட்டுறவரும் அன்னைக்கு ஒரு நாளாவது மலையை நிமிர்ந்து பார்க்கட்டும். அந்தப் பக்கம் போய்ச் சேர வண்டிக்கு 2ஆம் நம்பர் ரோடு இருக்கு.

• கொலராடோவுல இன்டிபென்டன்ஸ் கணவாய்: 35 அடிக்கு மேல தடை. 35க்குள்ள இருந்தாலும் அங்கங்க ரோடு ரொம்பக் குறுகல். நான் போக மாட்டேன், நீயும் போகாதே.

• சவுத் டகோட்டாவுல நீடில்ஸ் ரோடு: பாறையைக் குடைஞ்ச சுரங்க வழி ஒண்ணு, அகலம் சுமார் 8 அடிதான். உன் வண்டியே 8 அடி. கண்ணாடியை எங்க வைப்பே?

3. குறுக்கு வழின்னா ரெண்டு தடவை யோசி

ஐடஹோ ஃபால்ஸ்லேர்ந்து ஜாக்சனுக்குப் போக டீட்டன் கணவாய் கிட்டம். ஆனா அது 10 சதவீத இறக்கம். 26ஆம் நம்பர் ரோட்டுலயே அல்பைன் வரைக்கும் போய், ஸ்னேக் ஆத்தை ஒட்டிப் போற ரோட்டுல திரும்பிக்கோ. கொஞ்ச நேரம் கூட ஆகும், ஆகட்டுமே.

2024 ஜூன்ல இதே டீட்டன் கணவாய் ரோட்டுல ஒரு பகுதி மண் சரிஞ்சு அப்படியே கீழ போயிடுச்சு. மூணு வாரம் கழிச்சு, பக்கத்துல தற்காலிகமா ரோடு போட்டுத்தான் திறந்தாங்க. அதனால கிளம்புற அன்னைக்குக் காலையில 511க்குப் போன் பண்ணி ரோடு திறந்திருக்கான்னு கேளு. போன வாரம் போன சிநேகிதி சொன்னதை நம்பிப் போகாதே.

4. இறங்கும்போது பிரேக் கடைசி ஆள், கியர்தான் முதல் ஆள்

உச்சியிலயே, இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, வேகத்தைக் குறைச்சு கியரை இறக்கிடு. வாடகை வண்டியில கியர் கம்பியோட நுனியில 'டோ ஹால்'னு ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினா வண்டி தானே கீழ் கியர்ல நின்னு இன்ஜினே வேகத்தைப் பிடிச்சு வைக்கும். வண்டியை வாங்கும்போதே அந்த பட்டன் எங்கேன்னு கேட்டு, தொட்டுப் பார்த்துட்டு வா.

காலை பிரேக் மேலயே வெச்சுக்கிட்டு வராதே. உன் வேகம் 35ன்னு வெச்சுக்கிட்டா, 35ஐத் தொட்டதும் நல்லா அழுத்தி 30க்குக் கொண்டு வா, அப்புறம் காலை முழுசா எடுத்துடு. விடுற நேரத்துலதான் பிரேக் ஆறும். லேசா மிதிச்சபடியே வந்தா சூடு ஏறிக்கிட்டே போகும், கடைசியில மிதிச்சாலும் பிடிக்காது.

மீறிப் போயிடுச்சா? லாரிகளுக்குன்னு ஓரத்துல சரளைக்கல் கொட்டின மேட்டுப் பாதை இருக்கும். வெட்கப்படாம உள்ள ஏத்திடு. வண்டி கெட்டா கெடட்டும்.

5. சில்லறை விஷயங்கள், ஆனா விட்டுடாதே

• தண்ணித் தொட்டியை அடிவாரத்துல ரொப்பாதே. 40 காலன் தண்ணி 330 பவுண்டுக்கு மேல கனம். கேம்ப்கிரவுண்டுக்குப் போய் பிடிச்சுக்கோ.

• பெட்ரோலை மட்டும் அடிவாரத்துலயே ரொப்பிடு.

• ஆயிரம் அடி ஏறினா இன்ஜின் சக்தி 3 சதவீதம் கிட்ட குறையும். 9,000 அடியில கால்வாசி போயிடும். வண்டி முனகுதேன்னு ஆக்ஸிலரேட்டரைப் போட்டு மிதிக்காதே. ஒதுங்கற இடம் வந்தா ஒதுங்கி, பின்னாடி வர்றவங்களைப் போக விடு.

• ஜூலை, ஆகஸ்ட்ல மதியத்துக்கு மேல ராக்கி மலையில இடியும் மழையும் சகஜம். கணவாயைக் காலையிலயே தாண்டிடு. சாயங்காலம் 4 மணிக்கு மேல எந்த மலையும் ஏறக்கூடாது, இது என் கட்டளை.

• ஓட்டுறவர் கையில போன் கூடாது. பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து வழி சொல்லணும், சண்டை போடாம சொல்லணும்.

6. தப்பான ரோட்டுல ஏறிட்டேன்னா

பதறி நடு ரோட்டுல வண்டியைத் திருப்பாதே. வண்டியோட பின்பக்கம் சக்கரத்துக்கு வெளியே ரொம்ப நீட்டிக்கிட்டு இருக்கும், திரும்பும்போது பாறையில இடிக்கும். அகலமா ஒதுங்கற இடம் வர்ற வரைக்கும் மெதுவா போ, நிறுத்து, இறங்கி நின்னு பாரு. எதிர்ல வர்ற லாரிக்காரர் யாராவது நின்னா, "கீழ எப்படி இருக்கு?"ன்னு கேளு. அவங்களுக்குத் தெரியாத வளைவு கிடையாது. வந்த வழியே திரும்பிப் போகணும்னா போயிடு. ரெண்டு மணி நேரம் வீணாச்சேன்னு வீட்டுக்காரர் முணுமுணுத்தா, அக்கா சொன்னாங்கன்னு சொல்லு.

அடிவாரம் சேர்ந்ததும் முதல்ல குழந்தைங்களுக்குச் சோறு போடு. அப்புறம் எனக்கு ஒரு மெசேஜ் போடு, முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன்.