கால்மிதியைத் தூக்கிப் பார்த்திருந்தால்

முப்பத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்து 1997 மாடல் மாருதி 800 ஒன்றை வாங்கினேன். அதை ஓட்டிய முதல் மழைநாளில் என் இடது கால் நனைந்தது. கண்ணாடிகள் எல்லாம் மூடித்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து ரப்பர் மேட்டையும் அதன் கீழே இருந்த விரிப்பையும் தூக்கினேன். போர்ட்டிகோவின் டைல்ஸ் தெரிந்தது.

வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் இஞ்சினைத்தான். பேனட்டைத் திறந்து சத்தம் கேட்டேன், சைலன்சர் புகையைப் பார்த்தேன், ஏதோ தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். விற்றவரோ புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். அந்தப் பளபளப்புக்கு அடியில் ரன்னிங் போர்டு முழுக்கப் பட்டி. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓரமெல்லாம் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும். கனமாகப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் நிற்காது.

"இஞ்சின் எங்க தம்பி போயிறப் போகுது? மூணு சிலிண்டர், எப்ப வேணாலும் பாத்துக்கலாம். தகரம் போச்சுன்னாத்தான் ரோதனை" என்றார் டிங்கரிங் பட்டறை அண்ணன். அவர் சொன்ன கணக்கு அப்படியே நடந்தது. பிறகு ஹெட் கேஸ்கெட் போனபோது லேத் கூலி, கேஸ்கெட், ஆயில் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. தரையை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, அடியில் ஆன்டி ரஸ்ட் அடிக்க இருபத்திரண்டாயிரம். வண்டி விலையில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இப்போது யாராவது பழைய வண்டி பார்க்கக் கூப்பிட்டால் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடுதான் போகிறேன். பேட்டரி உட்காரும் தட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், டிக்கிக்குள் பின் ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் இடம். அங்கே லேசாக அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பார்ப்பேன். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தகரத்துக்கு அடுத்தபடி காகிதம். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபதிவு. நம் ஊரில் இதை 'எஃப்.சி. போடுறது' என்பார்கள். 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. 'எஃப்.சி. மட்டும்தான் சார் இல்லை' என்று யாராவது சொன்னால், அந்த 'மட்டும்'தான் விலை. ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, சேசிஸ் எண் வண்டியில் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

காகிதத்துக்கு அடுத்தபடி உதிரிபாகம். பிரீமியர் பத்மினி கார் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அதன் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. கதவுக் கைப்பிடிக்குக்கூட ஊர் ஊராக அலைய வேண்டும். 800 அப்படியில்லை. 1983 முதல் 2014 வரை ஓடிய உற்பத்தி, அதே 796 சிசி இஞ்சின் ஆம்னியிலும். சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று பழைய சாமான் கடைப் பக்கம் ஒரு சனிக்கிழமை நடந்தால் பாதி சாமான் கைக்கு வந்துவிடும். பிரேக் சாமான், டைமிங் பெல்ட், டயர் இம்மூன்றையும் மட்டும் பழையதாக வாங்கமாட்டேன்.

ஹெட் கேஸ்கெட் போன கதை என் தவறுதான். ரேடியேட்டர் ஃபேனைத் தானாக ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்ச் செத்ததும், முன்பு வைத்திருந்தவர் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க, டேஷ்போர்டில் ஒரு வீட்டு ஸ்விட்சை வைத்து நேரடியாக வயர் இழுத்திருந்தார். எனக்கும் அது வசதியாகத்தான் தோன்றியது. ஒருநாள் டிராஃபிக்கில் போட மறந்தேன். அலுமினிய ஹெட் வளைந்துபோனது. இப்படி ஒட்டுப்போட்ட வயர்களைத்தான் முதல் வாரத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை அந்தக் காலத்து ரப்பர் தாங்குவதில்லை.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினேன். சீட், டேஷ்போர்டு, கதவு லைனிங் எல்லாம். அந்த மாதச் சம்பளம் தீர்ந்தது, நான்கு மாதம் வண்டி போர்ட்டிகோவில் எலும்புக்கூடாக நின்றது. "இதுக்குப் பேசாம ஆடு வாங்கியிருக்கலாம்" என்றார் அம்மா. எந்த ஸ்க்ரூ எங்கே போகும் என்பதும் மறந்துவிட்டது. இப்போது ஒரு நேரத்தில் ஒரே வேலை. கழற்றுமுன் போனில் படம், ஸ்க்ரூவுக்குப் பெயர் எழுதிய ஐஸ்க்ரீம் டப்பா. ஞாயிறு இரவு வண்டி மறுபடி ஓட வேண்டும்.

சோக்கை இழுத்துப் பிடித்தால் இரண்டாவது செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கால் நனைவதில்லை. பின்சீட் மட்டும் தையல் கூலிக்காக இன்னும் மொட்டை மாடியில் காத்துக்கொண்டிருக்கிறது.