வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கலாமா?

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் பட்டம் வாங்கியதும் என்னைத் தேடி வருவது வழக்கம். முன்பெல்லாம் ரயில்வே தேர்வா, வங்கித் தேர்வா என்பதுதான் கேள்வி. அண்மைக் காலத்தில் மூன்று பேர் வேறொரு கேள்வியோடு வந்தார்கள்: தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான் போன்ற நாடுகளுக்குப் போய் ஆங்கிலம் கற்பிக்கலாமா என்று. முதலில் வந்த பெண்ணுக்காக நான் படித்ததையும் விசாரித்ததையும் மற்றவர்களுக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வயது 22. இங்கேயே நாக்பூரில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி, ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்தவள். தாய்லாந்தில் ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில் வேலை, மாதம் 22,000 பாட், ஒரு வருட ஒப்பந்தம் என்று ஒரு முகவர் சொல்லியிருந்தார். நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். முகவருக்குக் கட்டணம் ஒன்றரை லட்சம். "சுற்றுலாப் பயணியாக வந்துவிடுங்கள், வேலை அனுமதியெல்லாம் அங்கே வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்றாராம். தந்தை இல்லாத குடும்பம். தாயார் என்னிடம், "அண்ணா, வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?" என்று கேட்டார்.

நான் யோசிக்காமல் "வேண்டவே வேண்டாம்" என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "மாமா, நீங்க இருபத்தோரு வயசுல ஒரு டிரங்குப் பெட்டியோட, இந்தியில ஒரு வார்த்தை தெரியாம இங்க வந்து இறங்கினப்ப தாத்தா என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள். என் தகப்பனாரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். கையில் டிப்ளமோவும் நியமனக் கடிதமும் இருந்ததால் வந்தேன். நம் சங்கத்தில் இருப்பவர்கள் பாதிப்பேர் இப்படி வந்தவர்கள்தாமே! ஆகவே காகிதங்களை எல்லாம் வைத்துவிட்டுப் போகும்படி சொன்னேன். ஆங்கிலம் கற்பிப்பது பற்றி எனக்கு ஏதும் தெரியாதென்றாலும், ஒப்பந்தப் படிவங்களை முப்பத்தெட்டு வருடம் படித்தவன் நான்.

முதலில் தெரிந்துகொண்ட செய்தி கசப்பானது. இந்த வேலையில் பல நாடுகள் ஆளைப் பார்ப்பதில்லை, கடவுச்சீட்டைத்தான் பார்க்கின்றன. தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக ஏழு நாட்டவருக்கே உண்டு: அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. சீனாவும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவரையே கேட்கிறது. ஜப்பான் அரசு 1987இல் தொடங்கிய 'ஜெட்' திட்டத்தில் உதவி ஆசிரியர்களாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதே நாடுகளிலிருந்துதான் வருகிறார்கள். தாய்லாந்து கதவை அடைக்கவில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் டோயிக் போன்ற ஒரு தேர்வு எழுதி ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். சம்பளத்திலும் வித்தியாசம் உண்டு. ஒரே பள்ளியில் ஒரே வகுப்பை எடுக்கும் இருவருக்கு நாட்டைப் பொறுத்து இரண்டு சம்பளம் என்பதைப் போய்வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எல்.கே.ஜி. முதல் ஆங்கிலத்திலேயே படித்த பெண்ணுக்கு இது எப்படி இருக்கும்? "இது தெரிந்துதான் போகிறாயா?" என்று கேட்டேன். தெரியாது என்றாள். முகவர் சொல்லவில்லை.

இதில் உள்ள அநியாயத்தைச் சற்று விளக்க விரும்புகிறேன், ஏனெனில் நம் பிள்ளைகள் இதனால் தங்களைக் குறைவாக எண்ணக்கூடாது. தாய் மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்' ஒலி வராது, அது 'ன்' ஆகிவிடும். ஹோட்டல் அவர்கள் வாயில் ஹோட்டேன். ஜப்பானியருக்கு 'ல'வும் 'ர'வும் ஒன்றே. இதைக் கேட்டு லண்டனில் பிறந்த இளைஞனுக்கு வியப்பு வரலாம், நமக்கு வராது. பக்கத்து வீட்டார் 'தமில்' என்பதையும் 'கோயில்பட்டி, கோழிக்கோடு' எல்லாம் ஒன்றாய்ப் போவதையும் நாற்பது வருடம் கேட்டவர்கள் நாம். நம் பாட்டிமாரோ ஸ்கூலை இஸ்கூல் என்றவர்கள். ஒரு காது ஏன் ஒரு ஒலியைப் பிடிப்பதில்லை என்பது நம் வீட்டுப் பாடம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'தி' இரண்டும் தமிழில் இல்லை, இந்தியில் இல்லை, தாய், சீனம், ஜப்பான், கொரிய மொழிகளிலும் இல்லை. அவற்றை எங்கே போடுவது என்று அடிவாங்கிக் கற்றவரால்தான் அதே குழப்பத்தில் இருக்கும் குழந்தைக்கு விளக்க முடியும். ஆங்கிலத்தோடு பிறந்தவருக்கு அது மூச்சு விடுவதுபோல. மூச்சு விடுவது எப்படி என்று யாரால் சொல்லித்தர முடியும்?

ஆனால் ஒன்றைக் கற்றிருப்பது வேறு, கற்பிக்க வருவது வேறு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்து பதினைந்து வருடம் ஆனபின் 1996இல் என்னை ஒரு பயிற்சிப் பள்ளியில் கேங்மேன்களுக்கும் கீமேன்களுக்கும் பாடம் எடுக்க அனுப்பினார்கள். முதல் பாடம், தண்டவாள மூட்டில் ஏன் இடைவெளி விடுகிறோம் என்பது. எனக்குத் தலைகீழ்ப் பாடம். 13 மீட்டர் தண்டவாளம், வெப்பம் 40 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டேன். நாற்பது பேரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு வயதான கீமேன் எழுந்து, "ஸாஹப், காலையில் இடைவெளி பெரிதாக இருக்கிறது, மத்தியானம் காணாமலே போகிறது. நான் எதைக் கண்டு பயப்பட வேண்டும்?" என்று கேட்டார். காலைக் குளிரில் போல்ட் அறுந்துபோகும், மத்தியான வெயிலில் பாதை நெளிந்துவிடும், இரண்டுக்கும் பயப்பட வேண்டும். நான் தொடங்கியிருக்க வேண்டிய இடம் அதுதான். அன்று முதல் ஒரு வருடம் ஆயிற்று எனக்கு ஒழுங்காகப் பாடம் சொல்ல. தெரிந்த ஊரில், தெரிந்த மொழியில், மாதச் சம்பளம் தவறாமல் வந்தும் ஒரு வருடம். புரியாத ஊரில், நாற்பது குழந்தைகள் முன், வேலை பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரப் பணமும் இல்லாமல் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

அதனால் அவளிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். பணம் கட்டும் முன், இந்தக் கோடை விடுமுறையில் நம் காலனிப் பிள்ளைகள் எட்டுப்பேருக்கு நாற்பது மணி நேரம் ஆங்கிலம் சொல்லிக்கொடு. ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைகளாக நானே பொறுக்கித் தருகிறேன் என்றேன். முதல் வாரம் இலக்கண விதிகளைச் சொன்னாள், பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் சங்கக் கூடத்தில் காய்கறிக் கடை போட்டு விலை பேசவைத்தாள். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், அதற்காக ஒரு நாள் அழுதாள். நாற்பது மணி நேரம் முடிந்ததும், "மாமா, இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா எனக்கு வரல" என்றாள். அதைவிட நல்ல பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

இனி காகித விஷயம். இதில் நம் குடும்பங்கள் ஏமாறுவதால் விவரமாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்க அனுமதிக்கப்பட்டது 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். நம் முகவர் ஒன்றரை லட்சம் கேட்டார். பதிவு எண் கேட்டபோது தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்து, சுற்றுலாப் பயணியாகப் போய் வேலை செய்வது. தாய்லாந்தில் சம்பள வேலைக்கு உரிய விசா தனி, வேலை அனுமதி தனி. பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ மூன்றாவதாக வேண்டும். இவை இல்லாமல் வேலை செய்பவர் சம்பளம் வராவிட்டாலும் யாரிடமும் முறையிட முடியாது, ஏனெனில் குற்றவாளி அவர்தான். இதைவிடப் பயங்கரமும் நடந்திருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்களை எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்த செய்தி 2022இல் வெளியானது. அந்த செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆசிரியர் வேலை என்று சொல்லி அப்படி நடந்ததாக நான் சொல்லவில்லை. வழி ஒன்றுதான் என்கிறேன்.

சான்றிதழ்களில் வெளிமாநிலத் தமிழருக்கென்றே ஒரு சிக்கல். பட்டச் சான்றிதழை அதை வழங்கிய மாநில அரசு முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். சொந்த ஊர் வேலூர் என்று நாக்பூர்ப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு அலைந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். மகாராஷ்டிரப் பட்டத்துக்கு மகாராஷ்டிரம்தான். ஜப்பான், கொரியா போன்ற நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' என்னும் ஒரே முத்திரை போதும், இந்தியா அந்த ஏற்பாட்டில் 2005 முதல் இருக்கிறது. அதில் சேராத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். காவல்துறை நற்சான்று, கடவுச்சீட்டு அலுவலகம் மூலம். இவற்றுக்கு இரண்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்குகிறது, ஆகவே பிப்ரவரியிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. '120 மணி நேரச் சான்றிதழ்' என்று கணினியிலேயே முடித்துத் தருகிறார்கள். ஒரு நிஜக் குழந்தையைக்கூடப் பார்க்காமல் வாங்கும் சான்றிதழ் அது. கேம்பிரிட்ஜின் 'செல்ட்டா' வேறு வகை: ஏறக்குறைய நான்கு வாரம், அதில் மேற்பார்வையாளர் பார்க்க 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். செலவு அதிகம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் கடைசியாக விவாதம் வந்து நின்றது பி.எட். படிப்பில்தான். 2015 முதல் இரண்டு வருடமாகிவிட்டதே, இரண்டு வருடம் வீணா என்பது அவள் கேள்வி. வீணல்ல என்பதற்கு எனக்குக் கிடைத்த காரணங்கள் இவை. தாய்லாந்தில் கல்வியியல் பட்டம் இல்லாதவருக்குக் கிடைப்பது தற்காலிக அனுமதி, அதைக் காலமெல்லாம் நீட்டிக்க முடியாது. கொரியா மேலே சொன்ன ஏழு நாட்டவரைத் தவிர நம்மவருக்கும் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது, 2010 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள இரு நாட்டுப் பொருளாதார ஒப்பந்தம் வழியாக. அங்கே கேட்பதும் ஆசிரியர் தகுதிச் சான்றிதழ். வளைகுடா நாடுகளின் இந்தியப் பள்ளிகளும் பி.எட். கேட்கின்றன. திரும்பி வந்தபின் இங்கே பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கும் அதுதான் அடிப்படை. வயது வரம்பு வேறு: கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 30, பட்டதாரி ஆசிரியருக்கு 35. அயல்நாட்டில் நாலைந்து வருடம் 'உரையாடல் ஆசிரியை'யாக இருந்துவிட்டு வெறும் பி.ஏ.வோடு முப்பதில் வந்து இறங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்த வேலை அந்த நாட்டின் ஓர் உத்தரவில் போகக்கூடியது. 2021 ஜூலையில் சீன அரசு தனியார் பாட மையங்களைக் கட்டுப்படுத்தியபோது அயல்நாட்டு ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். கையில் தொழில் தகுதி உள்ளவர் வேறு இடம் தேடிக்கொள்வார்.

அவள் பி.எட். சேர்ந்தாள், வளையல் அடகு போகவில்லை. மாலையில் நம் காலனிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து வகுப்பும் எடுத்தாள். நின்றுபோன இரண்டு பிள்ளைகளில் ஒருவன் திரும்பி வந்தான்.

சென்ற மாதம், தாய்லாந்தில் ஒரு பள்ளியே நேரடியாக அவளுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. முகவர் இல்லை. விசாவுக்கான கடிதத்தைப் பள்ளியே முன்கூட்டி அனுப்புவதாக எழுத்தில் இருக்கிறது. சம்பளம் 28,000 பாட். அங்கே ஆசிரியரை 'க்ரூ' என்றும் 'ஆஜான்' என்றும் அழைப்பார்களாம், நம் குருவும் ஆசாரியரும்தான். பாங்காக் சீலோம் சாலையில் அக்காலத் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது என்று அவள் தாயாருக்குச் சொல்லிப் பார்த்தேன். "பள்ளிக்கூடம் இருக்கிற ஊரிலிருந்து அது எத்தனை மணி நேரம் அண்ணா?" என்று கேட்டார். ஏழு மணி நேரம்.

ஒப்பந்தத்தைப் படித்து மூன்று இடங்களில் பென்சிலால் குறிபோட்டுக் கொடுத்திருக்கிறேன்: விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, நடுவில் விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள், கடவுச்சீட்டை யார் வைத்திருப்பார்கள். பள்ளிக்கு அவளே எழுதிக் கேட்டிருக்கிறாள். முதல் இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது.