குகை ஓவியங்களும் நமது கடமையும்

காஞ்சியில் வளரும் நமக்கு வண்ணங்கள் புதியவை அல்ல. சாயம் நன்கு பிடித்திருக்கிறதா, நாளடைவில் வெளுக்குமா என்ற பேச்சைத் தறி உள்ள வீடுகளில் நாள்தோறும் கேட்கலாம். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாகியும் மறையாத வண்ணங்கள் உலகில் உண்டு. அவை ஆதி மனிதன் பாறையில் தீட்டியவை. அவற்றைப் பற்றி நாங்கள் படிக்க நேர்ந்தது எங்கள் தவறு ஒன்றினால்தான்.

கல்விச் சுற்றுலாவாகக் கயிலாசநாதர் கோவிலுக்குச் சென்றிருந்தோம். பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய கோவில் அது. திருச்சுற்றிலுள்ள சிற்றறைகளில் மறைந்து கிடந்த ஓவியங்களை 1931-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் கண்டறிந்தார். மங்கிய நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று எங்களில் ஒருத்தி கைக்குட்டையை நனைத்துத் துடைக்கப் போனாள். நாங்களும் வேடிக்கை பார்த்தோம். சிஸ்டர் விரைந்து வந்து தடுத்தார்கள். "நிறம் தெளிந்தது போல் தோன்றும். ஆனால் ஈரம் சுவரிலுள்ள உப்பை மேலே கொண்டு வரும். உப்பு பூத்தால் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்" என்று விளக்கினார்கள். அன்று நாங்கள் தலைகுனிந்தோம்.

குகை ஓவியங்களின் பெருமையை உலகுக்குக் காட்டியவள் ஒரு சிறுமி என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. 1879-இல் ஸ்பெயின் நாட்டு அல்தாமிரா குகையில் தந்தை சவுத்துவோலா தரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். எட்டு வயது மகள் மரியாவோ அண்ணாந்து பார்த்தாள். விதானத்தில் காட்டெருமைகள்! ஆதி மனிதனுக்கு இத்தனை திறமை ஏது என்று அறிஞர்கள் நம்ப மறுத்தனர். சவுத்துவோலா 1888-இல் காலமானார். பின்னர் வேறு குகைகளிலும் ஓவியங்கள் கிடைக்கவே, மறுத்தவர்களுள் ஒருவரான கார்த்தையாக் 1902-இல் தம் பிழையை ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பில் அவர் வைத்தவை, திருப்பலியின் பாவ அறிக்கையில் வரும் 'மேயா குல்பா' என்னும் இலத்தீன் சொற்கள். அவருடன் அக்குகையை ஆராய்ந்த ஹென்றி புரோய் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்.

நம் நாட்டில் 1957-இல் வாகண்கர் என்பவர் பீம்பேட்காவின் பாறை ஓவியங்களைக் கண்டறிந்தார். 2003-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையிலும் செங்காவியில் தீட்டிய மனித உருவங்களும் குதிரையும் உள்ளன. இரும்புச் சத்துள்ள காவிக்கல்லைப் பொடித்துக் குழைத்ததே அந்தச் சிவப்பு. அதனால்தான் அது எளிதில் வெளுப்பதில்லை.

வெயிலையும் மழையையும் தாங்கிய இவை மனிதனின் கைக்குத் தப்புவது அரிது. பெயர் கிறுக்குவதும், அடுப்புப் புகையும், கல் உடைப்பதும் இவற்றுக்குப் பகை. ஏன், மூச்சுக் காற்றுகூடப் பகையாகலாம்! பிரான்சில் 1940-இல் கண்டறியப்பட்ட லாஸ்கோ குகைக்குப் பார்வையாளர்கள் திரண்டு வந்தனர். அவர்களது சுவாசத்தின் ஈரத்தாலும் கரியமில வாயுவாலும் சுவரில் பாசி படர்ந்தது. 1963-இல் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 1983 முதல் அருகில் அமைத்த மாதிரிக் குகையையே மக்கள் கண்டு வருகின்றனர்.

அன்புத் தோழியரே, முந்தானை பழுதானால் வேறொன்று நெய்துகொள்ளலாம். உதிர்ந்த ஓவியத்தை மீண்டும் தீட்ட, அதைத் தீட்டிய கை இன்று இல்லை. ஆகவே பழைய ஓவியங்களைக் காணச் செல்லும்போது தொடாமல், நனைக்காமல், கிறுக்காமல் கண்ணால் கண்டு வருவோம். பார்த்ததை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொள்வோம். உடன் வரும் தம்பி தங்கையருக்கும் சொல்லிக் கொடுப்போம். கைக்குட்டையை நனைத்த அந்தத் தோழிதான் இக்கட்டுரைக்கான குறிப்புகளை முதலில் திரட்டத் தொடங்கினாள். பிழையை உணர்ந்தவள் காவலாளி ஆனாள். நாங்களும் அவளோடு சேர்ந்துகொண்டோம்.