படகு நமக்கு எதிரி அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தூண்டில் கிளப்பின் நட்புப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். கோடை ஞாயிறு, கிராண்ட் யூனியன் கால்வாய், ஐந்து மணி நேரம். முதல் போட்டிக்கு நல்ல தேர்வு. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "போட்டி முடியும்வரை படகுகளை நிறுத்தி வைக்கச் சொல்ல முடியாதா?" என்று, அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இதே புலம்பலைப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் வாயிலிருந்தும் கேட்டு அலுத்துப்போயிருக்கிறேன். நீயும் அதைப் பழகிக்கொள்ளக் கூடாது.

கால்வாய் ஆறு அல்ல. படகு போவதற்காக மனிதன் மண்ணை வெட்டி உண்டாக்கிய தடம் அது. 1761-இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயை ஜேம்ஸ் பிரிண்ட்லி அமைத்தது, வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டர் பக்கம் கொண்டுபோகத்தான். மீன் பின்னால் வந்தது, நாம் அதற்கும் பின்னால் வந்தோம். தூண்டில்காரர்கள் வேதமாகக் கொண்டாடும் ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்ளர்' 1653-இல் வந்த நூல். பிரிண்ட்லியின் கால்வாய்க்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. ஓடும் ஆற்றங்கரையில் பிறந்த அந்த நூலின் அமைதியைக் கால்வாயில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வால்டனுக்குப் பதிலாக எல்.டி.சி. ரோல்ட் எழுதிய 'நேரோ போட்' நூலை நீ படிக்க வேண்டும். 1939-இல் கிரெஸ்ஸி என்ற படகில் இங்கிலாந்தின் கால்வாய்கள் வழியே அவர் செய்த பயணத்தின் கதை. 1944-இல் வெளியானது. அப்போது சரக்கில் பெரும்பகுதி ரயிலுக்கும் லாரிக்கும் போய்விட்டிருந்தது. பல கால்வாய்கள் தூர்ந்து, பாசி மூடிக் கிடந்தன. நூலைப் படித்த ராபர்ட் ஐக்மன் ரோல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, மிச்சமிருந்த சரக்குப் போக்குவரத்தும் பெரும்பாலும் ஓய்ந்தது. அதன்பிறகு இந்தத் தண்ணீரைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு உல்லாசப் படகுக்காரர்களுக்கு உண்டு. படகு போகாத கால்வாயில் செடி மண்டும், சேறு ஏறும். பிறகு அதை மூடிச் சாலை போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படி மூடப்பட்டவையும் உண்டு. ஞாயிறன்று நீ உட்காரப்போகும் பெக், அதாவது குலுக்கலில் உனக்குக் கிடைக்கும் கரையிடம், படகு தந்த பெக்.

இனி தண்ணீருக்குள் பார். நடுவில் படகு போகும் பள்ளம், ஒன்றேகால் அல்லது ஒன்றரை மீட்டர் ஆழம் இருக்கும். இருபுறமும் சரிவு. சரிவுக்கு மேலே, கரையை ஒட்டி, ஆழமில்லாத திட்டு. எதிர்க்கரைத் திட்டில் முழங்கால் அளவே தண்ணீர் உள்ள இடங்களும் உண்டு. படகின் சுழலி அடிச்சேற்றைக் கலக்கிவிடுகிறது. தண்ணீர் தேநீர் நிறமாகிறது. இதைத்தான் பலர் கெடுதி என்று நினைக்கிறார்கள். தெளிந்த தண்ணீரில் ரோச் மீன் நிழலைக் கண்டாலே ஒதுங்கும், தூண்டில் நரம்பின் பருமனைக் கண்டு இரையை விட்டுப் போகும். கலங்கிய தண்ணீரில் அதற்குத் துணிவு வருகிறது. சேற்றோடு கிளம்பும் சிற்றுயிர்களும் அதற்கு உணவு. காலையில் முதல் படகு போன பிறகே கடி தொடங்கும் பெக்குகள் உண்டு.

ஆகவே ஆழம் பார்க்கும்போது சரிவின் அடி எங்கே முடிகிறது என்று தேடு. அங்கே போடும் இரையைப் படகு அவ்வளவாகக் கலைக்காது. நடுப்பள்ளத்தில் கொட்டிய இரை ஒரே படகில் சிதறிவிடும். அப்படிக் கொட்டிவிட்டுப் படகோட்டியைத் திட்டுபவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் இரக்கமில்லை. படகு போனதும் தண்ணீர் அடங்க ஒரு நிமிடம் விடு. பிறகு பத்துப் புழு போதும், பிடிப்பிடியாக அள்ளி வீசாதே.

இன்னொன்று. படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் லாக் தூரத்தில் திறந்தால், அதை நிரப்பவும் காலி செய்யவும் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் நகர வேண்டும். அந்த இழுப்பு உன் பெக் வரை வரும். நின்றிருந்த தக்கை தானாக ஒரு பக்கம் நகரத் தொடங்கும். மீன் என்று வெட்டி இழுக்காதே. ஆழத்தைச் சற்றுக் கூட்டி, நரம்பில் கொஞ்சம் தரையில் படியும்படி வை, தக்கையை லேசாகப் பிடித்து நிறுத்து. இழுப்பு வந்தால், பெரும்பாலும் அந்த லாக்கிலிருந்து ஒரு படகு சிறிது நேரத்தில் உன் முன்னால் வரும். கண்ணுக்குத் தெரியும் முன்பே தக்கை உனக்குச் சொல்லிவிடுகிறது. இதை உணர்ந்தவனுக்குப் படகு ஒருபோதும் திடீரென்று வருவதில்லை. நான் இதைச் சொல்லிச் சொல்லியே கிளப்பில் சிலரைச் சலிக்க வைத்திருக்கிறேன். ஆனாலும் கால்வாய்த் தூண்டிலில் இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தெரியாது.

உன் கார்பன் தூண்டில் கழியைப் பின்னுக்கு இழுக்கும்போது அது கரைப்பாதையின் குறுக்கே நீளும். இருபக்கமும் பார்த்துவிட்டு இழு. சைக்கிள் வரும், குழந்தைகள் வருவார்கள், பாதை அவர்களுக்கும் உரியது. மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் பார். கார்பனில் மின்சாரம் பாயும். கம்பியிலிருந்து 30 மீட்டருக்குள் தூண்டில் போடாதே என்பதே இங்குள்ள எச்சரிக்கை. குலுக்கலில் அப்படியொரு இடம் வந்தால் பொறுப்பாளரிடம் சொல்லி மாற்றிக் கேள், வெட்கப்படாதே.

தாத்தா காலத்து ஈயக்குண்டுப் பெட்டி யாராவது கொடுத்தால் வாங்காதே. அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால், மிகச் சிறிய குண்டுகள் தவிர மற்ற ஈயக்குண்டுகளின் விற்பனை 1987 முதல் இங்கே தடை. கரையில் அறுந்து கிடக்கும் நரம்பையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்.

நட்புப் போட்டி என்பதால் பரிசைப் பற்றிக் கவலைப்படாதே. ஆனால் விதி தளர்ந்துவிட்டது என்றும் நினைக்காதே. முதல் விசிலுக்கு முன் ஒரு புழுகூடத் தண்ணீரில் விழக் கூடாது. வலையில் ஐந்தே ஐந்து குட்டி ரோச் இருந்தாலும் எடைத் தராசு வரும்வரை காத்திரு. கால்வாயில் அரைப் பவுண்டு வித்தியாசத்தில் பல இடங்கள் மாறும். எடை போட்டதும் மீன்களைக் கையால் வீசாமல், வலையைத் தண்ணீரில் தாழ்த்தி விடு.

படகு கடக்கும்போது கழியை முன்னதாகவே தூக்கிவிடு, படகோட்டிக்குக் கையசை. முடிந்ததும் உன் பெக்கில் சரிவின் அடி எத்தனை மீட்டரில் இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்