ஆறுதல் தரும் நாயுடன் தொண்டு: கவனிக்க வேண்டியவை

மருத்துவமனை, முதியோர் இல்லங்களுக்கு நாயுடன் சென்று ஆறுதல் தரும் தன்னார்வலர்களுக்கு அமெரிக்காவின் 'பெட் பார்ட்னர்ஸ்' அமைப்பு விதிகள் வகுத்துள்ளது. அவற்றையொட்டிய குறிப்புகள்:

• நாய்க்கு ஒரு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். உரிமையாளருடன் 6 மாதமாவது பழகியிருக்க வேண்டும்.

• வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பச்சை இறைச்சி தின்னும் நாய்க்கு அனுமதியில்லை. அத்தகைய நாய் வழியே சால்மொனெல்லா கிருமி நோயாளிக்குத் தொற்றக்கூடும்.

• சக்கர நாற்காலி உருண்டாலும், தட்டு விழுந்தாலும் மிரளாத நாயே ஏற்றது.

• புறப்படுமுன் குளிப்பாட்டி, நகம் வெட்டிவிட வேண்டும்.

• நோயாளி சம்மதித்த பிறகே அருகில் செல்லலாம். நாயைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் அவர் கைகளைச் சுத்தம் செய்வது அவசியம்.

• நாளொன்றுக்கு 2 மணி நேரமே உச்சவரம்பு. நாய் அடிக்கடி கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் மன அழுத்தத்தின் அறிகுறிகள். அவை தெரிந்தால் உடனே அதை வெளியே அழைத்து வந்துவிட வேண்டும்.