ஆன்லைனில் விற்போம், கணக்குப் போட்டு விற்போம்



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது இப்போது அடிக்கடி வரும் கேள்வி, "நம்ம சத்துமாவை ஆன்லைன்ல விக்கலாமா?" என்பதுதான். தாராளமாக விற்கலாம். ஆனால் சந்தையில் விற்கும் விலையை அப்படியே போட்டால் குழுவின் பணம் கரைந்துவிடும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் வாசித்துக் காட்டவும்.

விற்கும் நமக்கு என்ன நன்மை?

வாரச் சந்தை வாரத்தில் ஒரு நாள்தான். மழை வந்தால் அதுவும் போச்சு. ஆன்லைன் கடைக்கு லீவு கிடையாது, கடை வாடகையும் அட்வான்ஸும் கிடையாது. நம்ம ஊரில் பல வீட்டில் சத்துமாவு அரைத்துக்கொள்கிறார்கள். அரைக்க நேரமில்லாதவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். மொத்த வியாபாரி இல்லாமலே அவர்களிடம் நம் பொருள் போய்ச் சேரும்.

முன்பெல்லாம் ஆன்லைன் தளத்தில் பொருள் விற்க ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், ஜி.எஸ்.டி. வரம்புக்குள் விற்பனை செய்யும் சிறு வியாபாரிகள், பான் எண்ணை வைத்து ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு, தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம்.

வாங்குகிறவருக்கு என்ன நன்மை?

நாலு கடை ஏறி இறங்காமல் விலையை ஒப்பிடலாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதியதைப் படிக்கலாம். பொருள் வீட்டுக்கே வரும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, புகார் வந்தால் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாமும் வாங்குகிறவர்கள்தானே! பேக்கிங் கவர், சீலிங் மெஷின் வாங்கும் முன்பு ஆன்லைன் விலையையும் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு

அரை கிலோ சத்துமாவு. பொருள், அரவை, கூலி சேர்த்து 90 ரூபாய். சந்தையில் 120-க்கு விற்றால் 30 ரூபாய் லாபம். அதே 120-க்கு ஆன்லைனில் விற்றால்:

மாவின் அடக்கம் – 90
பெட்டி, லேபிள் – 12
தளத்தின் கமிஷன் (10 சதவீதம் என்றால்) – 12
கூரியர் – 45
மொத்தச் செலவு – 159

ஒரு பாக்கெட்டுக்கு 39 ரூபாய் நஷ்டம்! நூறு பாக்கெட் விற்றால் 3,900 ரூபாய். "நல்லா விக்குது" என்று சந்தோஷப்படும்போதே சேமிப்பு காலியாகும்.

இதையே இரண்டு பாக்கெட்டாகச் சேர்த்து 360 ரூபாய்க்குக் கொடுத்தால்? மாவு 180, பெட்டி 20, கமிஷன் 36, கூரியர் 60. செலவு 296, லாபம் 64. ஒரு பாக்கெட்டுக்கு 32 ரூபாய். விலையைக் கூட்டியதாலும், ஒரே பெட்டி, ஒரே கூரியர் என்பதாலும்தான் இது முடிகிறது. இந்தத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் பொருளுக்கு நீங்களே கணக்குப் போடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. கூரியர் கட்டணம் எடைப் படிகளாக ஏறும். அரை கிலோ மாவு பெட்டியோடு சேர்ந்தால் அரை கிலோவைத் தாண்டி அடுத்த படிக்குப் போகும். 400 கிராமாகக் கட்டினால் மிச்சமாகலாம். லேபிளிலும் 400 என்றே போட வேண்டும்.

2. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வேண்டும். பாக்கெட்டில் அந்த எண்ணோடு எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், முகவரி எல்லாம் இருக்க வேண்டும்.

3. விற்ற பணம் உடனே வராது, சில நாள் ஆகும். அதுவரை அடுத்த அரவைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும். வாங்காமல் திரும்பி வரும் பார்சலுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

4. "பணம் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்க" என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். பணம் அனுப்பத்தான் பின் நம்பர், வாங்க இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

நம் பொருளின் உண்மையான அடக்கவிலை என்ன? அதில் நம் கூலியைச் சேர்த்தோமா? பார்சல் கட்டுவது யார், கணக்கு எழுதுவது யார்? பேசி முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அதன் பிறகு முதல் பத்து பாக்கெட்டை அனுப்பிப் பாருங்கள். வரவு செலவைப் பார்த்துவிட்டு அடுத்த நூறைப் பற்றி யோசிக்கலாம்.